நாப்பதாயிரம் ரூவா ட்ரோனும் கோடிக்கணக்கு டாங்கியும்: வாசகர் கேள்வி பதில்

போர்முறை எப்படி மாறிட்டு வருது, அதைப்பத்தி என்ன கேக்கணும்னாலும் எழுதுங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம். மதுரைல இருந்தும் சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்தும் நிறைய வந்துச்சு, போஸ்ட் கார்டு, வாட்ஸ்அப், ரெண்டு பேர் ஆபீஸுக்கே நேர்ல வந்து பேசிட்டுப் போனாங்க. பல பேர் தன் பேரைப் போட வேணாம்னு கேட்டதால எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கோம்.

ரிட்டயர்டு ஹவில்தார், திருமங்கலம்:
நான் ஏர் டிஃபன்ஸ்ல எல்-70 கன்னுல இருந்தவன். எங்க காலத்துலயே அது பழைய கன்னு. ஆபரேஷன் சிந்தூர் அப்ப அதை வச்சு ட்ரோனை சுட்டாங்கன்னு நியூஸ்ல சொன்னப்ப நம்ப முடியல. இத்தனை ஏவுகணை இருக்கும்போது அந்தக் கன்னு எதுக்கு?

பதில்:
உண்மைதாங்கய்யா. 2025 மே 8ஆம் தேதி ராத்திரி லடாக்ல இருக்குற லே-ல ஆரம்பிச்சு குஜராத் ஓரத்து சர் க்ரீக் வரைக்கும் 36 இடத்துல 300ல இருந்து 400 ட்ரோன் வரை பாகிஸ்தான் அனுப்புச்சுன்னு மறுநாள் அரசாங்கமே பிரஸ் மீட்ல சொல்லுச்சு, நம்ம வான் பாதுகாப்பு எப்படி இருக்குன்னு சோதிச்சுப் பாக்கவும் உளவு எடுக்கவும் அனுப்பியிருக்கலாம்னும் சொன்னாங்க. அந்த நாட்கள்ல எல்-70, இசட்யு-23, ஷில்கான்னு விமானத்தை அடிக்கிற பழைய கன்னு எல்லாமே சுட்டுச்சு. நீங்க கையாண்ட கன்னு இப்ப அப்படியே இல்லங்கய்யா, ராத்திரிலயும் பாக்குற கேமரா, லேசர்ல தூரம் அளக்குறது, குறியை அதுவே தொடர்ந்து புடிச்சுக்கிறது எல்லாம் பாரத் எலக்ட்ரானிக்ஸ் போட்டுக் குடுத்திருக்கு. அதுக்கும் மேல ஆகாஷ்தீர்னு ஒண்ணு, எல்லா ரேடாரும் பாக்குறதை ஒரே படமா சேத்து எந்தக் குறியை எந்த ஆயுதம் அடிக்கணும்னு நொடில பிரிச்சுக் குடுக்குது, உங்க காலத்துல வயர்லெஸ்ல கத்தி கத்தி சொன்ன வேலை அது.

ஏன் பழைய கன்னுன்னா, காசுதான். இந்த இதழ்ல வர்ற பாதி கேள்விக்கு அடியில இந்த ஒரு விஷயம்தான் கெடக்கு. ஈரான் டிசைன் பண்ண, குண்டோட போய் விழுந்து வெடிக்கிற ஷாஹெத் ட்ரோன் ஒண்ணு 20 ஆயிரத்துல இருந்து 50 ஆயிரம் டாலருக்குள்ள வரும்னு சொல்றாங்க, அதாவது நம்ம காசுக்கு 17 லட்சத்துல இருந்து ஒரு 40 லட்சம் போல. அதை அடிக்க அமெரிக்காவோட பேட்ரியாட் ஏவுகணை ஒண்ணை விட்டா கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர், 30 கோடி ரூவாக்கு மேல. ட்ரோனை சுட்டு வீழ்த்தியாச்சுன்னு சந்தோஷப்படலாம், ஆனா அனுப்புனவனுக்கு நஷ்டம் கம்மி, தடுத்தவனுக்கு நஷ்டம் ஜாஸ்தி, இதையே தினம் ராத்திரி நூறு இருநூறுன்னு அனுப்புனா தடுக்குறவன் கைல ஏவுகணையே மிஞ்சாது. அதனாலதான் உக்ரைன்ல லாரி மேல மிஷின் கன்னை ஏத்திக்கிட்டு ராத்திரி பூரா ஆளுங்க காவல் இருக்காங்க, ஜெர்மனிக்காரன் 1970கள்ல செஞ்ச கெபார்ட் கன்னு வண்டியெல்லாம் அங்க பொக்கிஷம். இப்ப ட்ரோனை அடிக்கவே இன்னொரு மலிவு ட்ரோன் விடுறாங்க. நம்ம பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் டிஆர்டிஓ 2025 ஏப்ரல்ல கர்னூல் பக்கத்துல 30 கிலோவாட் லேசர் வச்சு ட்ரோனை எரிச்சுக் காட்டுச்சு, கரண்ட்டுதான் அதுக்கு குண்டு, ஆனா மழை, பனி, தூசின்னா லேசருக்கு வலு கொறஞ்சிடும். அதெல்லாம் முழுசா பழக்கத்துக்கு வர்ற வரைக்கும் உங்க எல்-70 மாதிரி ஆள் வேணும்.

கல்யாண வீடியோகிராபர், செல்லூர்:
அண்ணே, முகூர்த்தத்துக்கு நான் பறக்க விடுற ட்ரோனுக்கும் அங்க டாங்கியை ஒடைக்கிற ட்ரோனுக்கும் என்ன வித்தியாசம்? வீடியோல பாத்தா நம்ம சாமான் மாதிரியே இருக்கு.

பதில்:
தம்பி, சாமான் ஒண்ணுதான். நாலு மோட்டாரு, பேட்டரி, கேமரா, ஒரு சின்ன போர்டு. உக்ரைன்ல போர் ஆரம்பிச்ச 2022ல முதல் வருஷம் பூரா ரெண்டு பக்கமும் கடைல வாங்குன கேமரா ட்ரோனைத்தான் உளவுக்கு விட்டாங்க, அப்புறம் ரேஸ் ஓட்டுற பசங்க கண்ணாடி மாட்டிக்கிட்டு ஓட்டுற எஃப்பிவி ட்ரோன்ல குண்டைக் கட்டி அனுப்ப ஆரம்பிச்சாங்க. 400, 500 டாலர்தான் வெல, நாப்பதாயிரம் ரூவா சொச்சம். அது போய் பல கோடி ரூவா டாங்கியை முடக்குது. இப்ப அங்க அடிபடுற பத்துப் பேர்ல ஏழு பேருக்கு மேல ட்ரோனாலதான்னு உக்ரைன் தரப்புல மதிப்பு சொல்றாங்க, பீரங்கிதான் போரோட ராசான்னு நூறு வருஷமா சொன்ன கதை ரெண்டு மூணு வருஷத்துல மாறிப்போச்சு.

உனக்கு தொழில் தெரியும்ங்கிறதால இதையும் சொல்றேன். சிக்னல் கட்டாகி ட்ரோன் கோபுரத்துக்குப் பின்னாடி போய் காணாமப் போனா உனக்கு எப்படி இருக்கும்? அங்க அதை வேணும்னே பண்றாங்க, ஜாமர் போட்டு ரேடியோ சிக்னலை அமுக்கிடுறது. அதுக்கு பதிலா என்ன பண்ணாங்கன்னா, ட்ரோன் பின்னாடியே முடி மாதிரி மெலிசா ஃபைபர் கேபிளை சுருளா கட்டி விட்டுட்டாங்க, 10, 20 கிலோமீட்டருக்கு அவுந்துகிட்டே போகும், ரேடியோவே இல்லாதப்ப ஜாமர் எதை அமுக்கும். சண்டை நடக்குற ஊர் வயக்காடு, மரம், செடி எல்லாத்துலயும் அந்தக் கேபிள் நூலாம்படை மாதிரி படிஞ்சு கெடக்குது, போர் முடிஞ்சா எவன் அள்ளுறது அதை, அந்த மண்ணுல எப்படி உழறது. ரோட்டு மேல கிலோமீட்டர் கணக்கா வலை கட்டித்தான் வண்டி ஓட்டுறாங்க, ஐரோப்பாவுல கடலோர ஊர்க்காரங்க பழைய மீன் வலையை அள்ளி அனுப்பிட்டு இருக்காங்க அதுக்காக.

அப்புறம் நம்ம ஊர் விஷயம். 2022 பிப்ரவரில இருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு தடை இருக்கு, பர்மா பஜார்ல மலிவா கெடைக்குதுன்னு வாங்கிட்டு வந்து மாட்டிக்காத. 250 கிராமுக்கு மேலன்னா பதிவு நம்பர் வேணும், கல்யாணத்துக்கு காசு வாங்கிட்டு ஓட்டுறதுன்னா லைசன்ஸ் விதியையும் பாரு. ஏர்போர்ட் எல்லைல இருந்து 8 கிலோமீட்டருக்குள்ள அனுமதி இல்லாம ஏத்தக்கூடாது, அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம் பக்கம் மண்டபத்துல புக்கிங் வந்தா எங்க ட்ரோன் ஏத்தலாம்னு காட்டுற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்பை முதல்ல பாரு. கோயிலைச் சுத்தி போலீஸ் அனுமதி இல்லாம கனவுல கூட வேணாம்.

அகதி முகாம், ஆனையூர்:
நாங்கள் 1990ல படகில வந்தனாங்கள். அக்கா ஆக்கள் வன்னியிலயே இருந்து கடைசி வரைக்கும் அனுபவிச்சவை. மேல வண்டு சுத்தினா பிறகு செல் வரும் எண்டு அக்கா சொல்லுவா. இப்ப ரிவியில கதைக்கிறவை, புது ஆயுதங்கள் சரியாக் குறி பாத்து அடிக்கும், சனம் சாகிறது குறையும் எண்டு சொல்லினம். அது உண்மையோ?

பதில்:
அம்மா, இந்த வாரம் வந்த கடிதத்துல ரொம்ப நேரம் கைல வச்சுக்கிட்டே இருந்தது உங்களோடதுதான். வெளியூர்க்காரங்களுக்கு விளங்கணும்ங்கிறதுக்காக ஒரு வரி: இலங்கை வடக்குல வன்னில மக்கள் வண்டுன்னு சொன்னது ஆளில்லா வேவு விமானத்தை, அதோட இரைச்சலை வச்சு வந்த பேர்.

நீங்க கேட்டதுக்கு பதில், ஆயுதம் சரியா அடிக்கும்ங்கிறது உண்மை, அதனால சனம் சாகுறது குறையும்ங்கிறது தானா நடக்குற காரியம் இல்ல. மேல வேவு விமானம் நிக்குதுன்னா கீழ ஆஸ்பத்திரி எது, சாப்பாட்டுக்கு வரிசைல நிக்கிறவங்க யாருன்னு பாக்குறவனுக்கு தெரியும்னுதானே அர்த்தம். 2009ல இலங்கைப் போரோட கடைசில நடந்ததைப்பத்தி ஐ.நா. பொதுச்செயலாளர் போட்ட நிபுணர் குழு 2011ல குடுத்த அறிக்கை, சனங்களை வரச்சொல்லி இலங்கை அரசாங்கமே அறிவிச்ச மூணு பாதுகாப்பு வலயத்துலயும் பெரிய அளவுல ஷெல் அடிச்சாங்க, ஐ.நா. இருந்த இடம், சாப்பாடு குடுத்த வரிசை, ஆஸ்பத்திரி எல்லாத்து மேலயும் விழுந்துச்சு, தன்னோட சொந்த உளவு வசதி மூலமாவும் ஐ.நா.வும் செஞ்சிலுவையும் சொன்னது மூலமாவும் விளைவு தெரிஞ்சிருந்தும் அடிச்சாங்கன்னு, நம்பத்தகுந்த குற்றச்சாட்டா எழுதி வச்சிருக்கு. உங்க அக்கா சொன்னதும் அதுவும் வேற வேற இல்ல.

இப்ப உக்ரைன்ல கெர்சோன்னு ஒரு ஊர், ஆத்துக்கு இந்தக்கரைல ஊர், அந்தக்கரைல ரஷ்யப் படை. அங்கிருந்து சின்ன ட்ரோனை ஓட்டுறவன் திரைல பாத்துக்கிட்டேதான் ஓட்டுறான், சைக்கிள்ல போற ஆளு, மார்க்கெட்டுக்கு நடந்து போற கிழவி, பஸ், ஆம்புலன்ஸ், எதுன்னு தெளிவா தெரியுது, தெரிஞ்சே விரட்டிப் போய் போடுறாங்க, போட்டுட்டு அந்த வீடியோவை டெலிகிராம்ல போடுறாங்க. ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாசம் இதை மானுடத்துக்கு எதிரான குற்றம்னே சொல்லிருச்சு. 2025 ஜனவரில உக்ரைன்ல சாதாரண மக்களை வேற எந்த ஆயுதத்தை விடவும் அதிகமா கொன்னதும் காயப்படுத்துனதும் இந்த கிட்டத்துல பறக்குற ட்ரோன்தான்னு ஐ.நா. மனித உரிமை கண்காணிப்புக் குழு கணக்கு குடுத்துச்சு. இருக்கறதுலயே ரொம்பத் துல்லியமான ஆயுதம் அதுதான், பாத்துக்கங்க.

முந்தி கண்ணை மூடிட்டு ஷெல் அடிச்சவன், தெரியாம விழுந்துருச்சுன்னு சொல்லித் தப்பிச்சான். இப்ப ஒவ்வொரு அடிக்கும் வீடியோ இருக்கு. அதை வச்சு ஒரு நாள் கோர்ட்டுல நிறுத்தலாம்ங்கிற ஒண்ணுதான் எனக்குத் தெரியிற வித்தியாசம், அதுக்கும் நிறுத்துற ஆள் வேணும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி, நாகமலை புதுக்கோட்டை:
யாரைக் கொல்லணும்னு ஏஐ முடிவு பண்ற நிலைமை வந்துருச்சா சார்? இல்ல அது பில்டப்பா?

பதில்:
மொத்தமா வந்துருச்சுன்னு சொல்ல முடியாது, வரலன்னும் சொல்ல முடியாதும்மா, படிப்படியா வந்துக்கிட்டு இருக்கு, அதுதான் பயமா இருக்கு. ட்ரோன் எடுத்த மணிக்கணக்கான வீடியோல எது வண்டி எது ஆளுன்னு பிரிச்சுக் காட்ட அமெரிக்க ராணுவம் 2017ல மேவன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுச்சு, அதுல கூகுள் இருந்துச்சு, ஆயிரக்கணக்கான ஊழியர்கள் எங்க வேலை ஆள் கொல்றதுக்கு போகக்கூடாதுன்னு கையெழுத்து போட்டு எதிர்த்ததால 2018ல அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம்னு சொல்லி விலகுச்சு. நீ நாளைக்கு வேலைக்குப் போற துறைல நடந்ததுங்கிறதால சொல்றேன், இது உனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

காஸா போர்ல இஸ்ரேல் ராணுவத்தோட லாவண்டர்னு ஒரு ஏஐ சிஸ்டம் 37,000 பேர் வரைக்கும் ஆயுதக்குழு ஆளா இருக்கலாம்னு குறிச்சுக் குடுத்துச்சு, ஒரு பேருக்கு ஒரு ஆபீசர் 20 செகண்ட் போலத்தான் செலவழிச்சாங்கன்னு 2024 ஏப்ரல்ல ஒரு இஸ்ரேல் பத்திரிகையே, இஸ்ரேல் உளவுத்துறை ஆட்கள் சொன்னதை வச்சு எழுதுச்சு. இஸ்ரேல் ராணுவம் அது கொல்ல வேண்டியவங்க பட்டியல் இல்ல, தகவலை ஒத்துப் பாக்குற டேட்டாபேஸ்தான்னு மறுத்துச்சு. எதுவா இருந்தாலும் அந்த 20 செகண்டை யோசிச்சுப் பாரு, நம்ம ரேஷன் கடைல கார்டைக் குடுத்து கைரேகை வைக்கவே அதுக்கு மேல ஆகும், ஒரு குடும்பம் இருக்குற வீட்டு மேல குண்டு போடுறதுக்கு மனுசன் சரி பாத்தான்னு சொல்றதுக்கு அது போதுமா.

மிஷின் சொல்றதை மனுசன் மறுக்குறது லேசான காரியமும் இல்ல. 2003 ஈராக் போர்ல பேட்ரியாட் சிஸ்டம் தானே எதிரி ஏவுகணைன்னு நெனச்சு பிரிட்டனோட டொர்னாடோ விமானத்தை சுட்டுச்சு, பத்து நாள் கழிச்சு அமெரிக்க நேவி விமானத்தையே சுட்டுச்சு, ரெண்டுலயும் சேத்து உள்ள இருந்த மூணு பேரும் போயிட்டாங்க. பக்கத்துல ஆளுங்க உக்காந்துதான் இருந்தாங்க, ஆனா ஸ்க்ரீன் ஒண்ணு சொல்லும்போது சில செகண்டுக்குள்ள இல்லன்னு சொல்ற தைரியம் எத்தனை பேருக்கு வரும்.

இன்னொண்ணு, உக்ரைன்ல ஜாமர் தொல்லை தாங்காம, கடைசி கொஞ்ச தூரம் சிக்னல் போனாலும் ட்ரோன்ல இருக்குற சிப்பே குறியைப் புடிச்சுட்டு போய் அடிக்கிற மாதிரி செஞ்சுட்டாங்க. இப்ப குறியைத் தேர்ந்தெடுக்குறது மனுசன். தேர்ந்தெடுக்குறதையும் சிப்புக்கு விடுறதுக்கு டெக்னிக்கலா பெரிய தடை ஒண்ணும் இல்ல, விட மாட்டோம்னு நாடுகள் சேந்து சட்டம் போட்டாத்தான் உண்டு. இந்த மாதிரி ஆயுதத்தைப்பத்தி அவசரமா கவனிக்கணும்னு 2023 டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபைல ஒரு தீர்மானம் வந்துச்சு, 152 நாடு ஆதரவு, எதிர்த்து ஓட்டு போட்டது 4 நாடு. அந்த நாலுல இந்தியாவும் ஒண்ணு. ஜெனீவால இதுக்குன்னே ஒரு ஒப்பந்தத்துக்குள்ள பேச்சு நடக்குது, அங்கேயே பேசுவோம், தனியா இன்னொரு வழி வேணாம்ங்கிறது நம்ம அரசாங்கத்தோட காரணம். காரணம் புரியுது, ஆனா ஜெனீவால பத்து வருஷமா பேச்சுதான் நடக்குது, ஒரு வரி சட்டம் வரல. இப்படி ஒரு தீர்மானம் வந்தா நம்ம நாடு ஆதரவா ஓட்டு போடணும், எனக்கு இதுல ரெண்டாவது கருத்தே இல்ல.

பள்ளி ஆசிரியை, தேனி:
2025 மே மாசம் பாகிஸ்தானோட சண்டை நடந்த நாலு நாளும் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வந்த வீடியோவைப் பாத்து என் பையன் தூங்கவே இல்ல. எது நெசம்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்:
டீச்சர், அந்த நாலு நாள்ல சுத்துன நிறைய வீடியோ போரே இல்ல, ஆர்மா 3ன்னு ஒரு வீடியோ கேம்ல இருந்து எடுத்தது, இன்னும் கொஞ்சம் காஸா, பெய்ரூட் பழைய வீடியோ. பெரிய டிவி சேனல்லயே கராச்சி துறைமுகத்தை அழிச்சாச்சுன்னு ராத்திரி முழுக்க ஓட்டுனாங்க, அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. இது தெரியாம நடக்குற பிசகு மட்டும் இல்ல, எதிராளியைக் குழப்புறதும் இப்ப போர்ல ஒரு பங்கு. 2022 மார்ச்ல உக்ரைன் ஜனாதிபதி ஜெலன்ஸ்கி தன் படையை ஆயுதத்தைக் கீழ போடச் சொல்ற மாதிரி, கம்ப்யூட்டர்ல போலியா செஞ்ச டீப்ஃபேக் வீடியோவை ஒரு டிவி சேனல் வெப்சைட்டையே ஹேக் பண்ணி போட்டாங்க. அன்னைக்கு அது மட்டமா இருந்ததால மாட்டுச்சு, இன்னைக்கு வர்றது அப்படி மாட்டாது.

வழி இருக்கு. வீடியோவை நிறுத்தி ஒரு படத்தை எடுத்து கூகுள் லென்ஸ்ல போட்டா பழசுன்னா பெரும்பாலும் தெரிஞ்சிடும். பிஐபி ஃபேக்ட் செக் பக்கத்தைப் பாருங்க, ஆனா அது அரசாங்கத்தோடது, அதனால ரெண்டு மூணு பத்திரிகைலயும் அதே சேதி வருதான்னு சேத்துப் பாக்கணும். எல்லாத்துக்கும் மேல, முதல் ஆறு மணி நேரம் எதையும் ஃபார்வர்டு பண்ணாம இருங்க.

உங்க வகுப்புல இதையும் சொல்லிக் குடுங்க டீச்சர், ராணுவ வண்டி, ரயில்ல போற பீரங்கி, இதையெல்லாம் போன்ல எடுத்து ரீல்ஸ் போடக்கூடாது. 2023 புத்தாண்டு ராத்திரி உக்ரைன்ல ரஷ்யா புடிச்சு வச்சிருந்த மகீவ்காங்கிற ஊர்ல ரஷ்ய சிப்பாய்ங்க தங்கியிருந்த கட்டடத்துல ஏவுகணை விழுந்து 89 பேர் செத்தாங்கன்னு ரஷ்யாவே ஒத்துக்கிச்சு, தடை போட்டிருந்தும் எல்லாரும் போன் பேசுனதுதான் முக்கிய காரணம்னும் சொல்லுச்சு. வீட்டுக்கு ஹேப்பி நியூ இயர் சொல்லியிருப்பாங்க, பாவம், சின்னப் பசங்க.

பட்டாசு ஆலை ஃபோர்மேன், சிவகாசி:
ராக்கெட்டை வச்சு ட்ரோனை அடிக்க முடியுமா?

பதில்:
நீங்க செய்யிற ராக்கெட்டால முடியாது. ஆனா கொத்தா சின்ன ராக்கெட் விட்டு ட்ரோன் கூட்டத்தை அடிக்கிற பார்கவாஸ்திரங்கிற சிஸ்டத்தை 2025 மே மாசம் ஒடிசா கோபால்பூர்ல சோதிச்சுப் பாத்திருக்காங்க. ராக்கெட் நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்ல, 1780ல காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூர்ல ஹைதர் அலி படை இரும்புக்குழாய் ராக்கெட் விட்டுத்தான் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கலங்கடிச்சுச்சு, அப்புறம் ஆங்கிலேயன் அதைப் பாத்துத்தான் தன் ராக்கெட்டை செஞ்சான்.

மீனவர், ராமநாதபுரம்:
உச்சிப்புளில நேவி ஆளில்லா விமானம் பறக்குது. கடல்ல ஆளில்லா படகு வருமா?

பதில்:
வந்தாச்சுங்க. உக்ரைன்கிட்ட சொல்லிக்கிற மாதிரி போர்க்கப்பலே கெடையாது, அது வெடிமருந்து ஏத்துன ஆளில்லா ஸ்பீடு போட்டையும் கரைல இருந்து விடுற ஏவுகணையையும் வச்சு ரஷ்யாவோட கருங்கடல் படையில பெரும்பகுதியை அதோட தளமா இருந்த செவஸ்தபோல் துறைமுகத்தை விட்டே நகர வச்சிருச்சு. நம்ம நேவியும் ஆளில்லா படகு வாங்கிட்டு இருக்கு. உங்க தொழிலுக்கு இதுல ஒரு விஷயம் இருக்கு, சின்ன படகு எல்லாமே சந்தேகமா தெரிய ஆரம்பிக்கும், அதனால படகு எங்க இருக்குன்னு காட்டுற டிரான்ஸ்பாண்டர் குடுத்திருந்தா அதை ஆஃப் பண்ணாதீங்க, அடையாள அட்டை இல்லாம கடலுக்குப் போகாதீங்க.

தனியார் ஊழியர், விளாங்குடி:
ஒரு குண்டு கூட போடாம கரண்ட்டையும் பேங்கையும் நிறுத்த முடியும்னு சொல்றாங்களே?

பதில்:
முடியும், நடந்திருக்கு. 2015 டிசம்பர்ல உக்ரைன்ல ரெண்டு லட்சம் வீடுகளுக்கு மேல ஹேக்கர்கள் கரண்ட்டை நிறுத்துனாங்க. 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை உள்ள நுழைஞ்ச அதே விடியக்காலை, உக்ரைன் ராணுவம் பயன்படுத்துன ஒரு சேட்டிலைட் இன்டர்நெட் கம்பெனியோட மோடத்தையெல்லாம் ஹேக் பண்ணி செத்துப்போக வச்சாங்க, அதுல சம்பந்தமே இல்லாம ஜெர்மனில 5,800 காத்தாலையோட ரிமோட் கண்ட்ரோல் போச்சு. ஆரல்வாய்மொழி காத்தாலையெல்லாம் பாத்தவங்களுக்கு அது எவ்வளவு பெருசுன்னு புரியும். நம்ம பக்கம் கூடங்குளத்துல 2019ல மால்வேர் புகுந்ததை அணுமின் கழகமே ஒத்துக்கிச்சு, ஆபீஸ் வேலை நெட்வொர்க்ல இருந்த ஒரு கம்ப்யூட்டர்தான், அணு உலையை இயக்குற சிஸ்டம் தனியா இருக்கு, அதைத் தொடலன்னு சொன்னாங்க. முதல் நாள் அப்படி எதுவும் இல்லன்னுட்டு மறுநாள் ஒத்துக்கிட்டதுதான் நெருடல். இந்த விஷயத்துல மறைச்சா ஆபத்து கூடும்.

லேத் பட்டறை வச்சிருப்பவர், கப்பலூர்:
ட்ரோன் பார்ட்ஸ் செய்ற ஆர்டர் புடிக்கலாம்னு பாக்குறேன். மதுரைக்கு வழி இருக்கா?

பதில்:
அண்ணாச்சி, முதல்ல கஷ்டத்தைச் சொல்லிடுறேன். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி அஞ்சு ஊர்தான் இருக்கு, மதுரை இல்ல. இத்தனை பாலிடெக்னிக், இத்தனை பட்டறை வச்சுக்கிட்டு மதுரையை ஏன் விட்டாங்கன்னு நம்ம எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் கேக்கணும். ஆனா வழித்தடத்துக்கு வெளிய இருந்தாலும் சப்ளை பண்ண எந்தத் தடையும் இல்ல, திருச்சி ரெண்டு மணி நேரம்தான்.

எதுல வாய்ப்புன்னா, சீனா பார்ட்ஸுக்கு மாத்தா எதைச் செஞ்சாலும் வாய்ப்பு. எல்லைல பறக்குற ட்ரோன்ல சீன பார்ட்ஸ் இருந்தா அதை அவன் அங்கிருந்தே திருப்பிக்கிட்டுப் போயிடலாம்ங்கிற பயம், அதனால 2025 தொடக்கத்துல நம்ம ராணுவம் 400 ட்ரோனுக்கான ஆர்டரை ரத்து பண்ணிச்சு. ஃப்ரேம், மோட்டார் ஷாஃப்ட், ஹவுசிங் எல்லாம் உங்க சிஎன்சில வரும். மாட்டிக்கிறது மோட்டாருக்குள்ள இருக்குற காந்தத்துல. அரிய மண் காந்தம் உலகத்துல பெரும்பங்கு சீனாதான் செய்யுது, 2025 ஏப்ரல்ல அவங்க ஏத்துமதிக்கு கட்டுப்பாடு போட்டதும் நம்ம கார் கம்பெனியெல்லாம் கூட திணறுச்சு. நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்லயே அந்தக் காந்தம் செய்யத் தேவையான மோனசைட் தாது இருக்கு, ஆனா மணலை அள்ளுறதால அந்த ஊர் சனம் படுற பாடு தனி, அதை ஒதுக்கி வச்சுட்டு இதைப் பேசக்கூடாது. மணல்ல இருந்து காந்தம் வரைக்கும் வர்ற தொழில் நம்மகிட்ட இன்னும் வளரல. நீங்க முதல்ல ஒரு ட்ரோன் கம்பெனிக்கு சாம்பிள் செஞ்சு குடுத்து தரச்சான்று வாங்குற வழியைப் பாருங்க, நேரடியா ராணுவ டெண்டருக்குப் போனா பேமென்ட் வர்றதுக்குள்ள சின்னப் பட்டறை தாங்காது.

விவசாயி, பேரையூர்:
என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், ஆர்மின்னா உசுரு. தினம் காலைல அஞ்சு மணிக்கு ஓடுறான். எல்லாம் மிஷின்னு ஆயிட்டா ஆளே எடுக்க மாட்டாங்கன்னு அவன் மாமா சொல்றாரு. ஓட விடவா, வேற படிப்புல சேக்கவா?

பதில்:
ஐயா, ஆள் எடுப்பாங்க. உக்ரைன்ல இத்தனை ட்ரோன் பறந்தும் இடத்தைப் புடிச்சு வச்சுக்கிட்டு இருக்குறது பதுங்குகுழிக்குள்ள கெடக்குற காலாட்படை சிப்பாய்தான், ரெண்டு பக்கமும் ஆள் பத்தாமத்தான் தவிக்கிறாங்க. ஆனா அந்த சிப்பாயோட வாழ்க்கை முந்தியை விட கொடுமையாப் போச்சு, அதையும் உங்ககிட்ட மறைக்கக்கூடாது. மேல எப்பவும் ஏதோ ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கு, அடிபட்டா தூக்கிட்டுப் போக வண்டி வர முடியல, அதுக்கும் ட்ரோன் வருது, காயம்பட்டவன் குழிக்குள்ளயே நாள் கணக்கா கெடக்கான், முன்னாடி ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரி போயிருந்தா பொழைச்சிருப்பான். அவனே அவன் கைகாலுக்கு ரத்தக்கட்டு போட்டுக்கத் தெரிஞ்சிருக்கணும். ஒரே ஆள் சிப்பாய், ட்ரோன் பைலட், மெக்கானிக், நர்ஸ் எல்லாமா இருக்கணும். நம்ம ராணுவமும் ஒவ்வொரு காலாட்படை பட்டாலியனுக்கும் ட்ரோன் பிளாட்டூன் சேத்துக்கிட்டு இருக்கு.

அக்னிபத் கணக்கையும் தெரிஞ்சு வச்சுக்கங்க, நாலு வருஷ வேலை, அதுக்கப்புறம் நாலுல ஒருத்தரைத்தான் நிரந்தரமா வச்சுக்குவாங்க. மீதி மூணு பேர்ல உங்க மகன் இருந்தா கைல ஒரு தொழில் இருக்கணும். அதனால ஓட்டத்தை நிறுத்த வேணாம், படிப்பையும் விட வேணாம். பிளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் எடுத்திருக்கான்னா மொத்தத்துல 50 சதவீதமும் ஒவ்வொரு பாடத்துல 40 சதவீதமும் எடுத்தா அக்னிவீர் டெக்னிக்கலுக்கு எழுதலாம், ஜெனரல் டியூட்டியை விட அதுல கத்துக்கிற வேலை வெளிய வந்தாலும் ஒதவும். முந்தி மாதிரி முதல்ல ஓட்டம் இல்ல, 2023ல இருந்து முதல்ல கம்ப்யூட்டர்ல எழுத்துத் தேர்வு, அதுல பாஸானாத்தான் கிரவுண்டுக்கே கூப்பிடுவாங்க, நல்லா ஓடுற பசங்க நிறையப் பேர் அங்கதான் கோட்டை விடுறாங்க. அப்ளிகேஷன் ஜாயின் இண்டியன் ஆர்மி வெப்சைட்ல மட்டும்தான், புரோக்கர் எவனாவது உசிலம்பட்டில ஆபீஸ் போட்டு ரெண்டு லட்சம் குடு சேத்து விடுறேன்னு வந்தா போலீஸ்ல சொல்லுங்க. மாமாட்ட இந்தப் பக்கத்தைக் காட்டுங்க, பையன்கிட்டயும் படிக்கக் குடுங்க, முக்கியமா சிப்பாயோட வாழ்க்கையைப்பத்தி சொன்ன பகுதியை அவன் படிச்சுட்டு அதுக்கப்புறம் முடிவு சொல்லட்டும்.